பாடசாலை மன்றங்களும் மலையக மாணவரும்

ஒரு சமுதாயத்தின் கல்விநிலையை அளப்பதற்குப் பரீட்சைப் பெறுபேறுகளையே நாம் பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்கின்றோம். ஆனால், பாடசாலை மணி அடித்து வகுப்புக் கலைந்த பின்னர் மாணவர் எங்கே செல்கின்றனர், யாருடன் கூடுகின்றனர், எதைப் பேசுகின்றனர் என்பதை நோக்கினால் அச்சமுதாயத்தின் உள்நிலை இன்னும் தெளிவாகப் புலப்படும். கண்டி நகரில் பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலைகள் கலைகின்றன. அவ்வேளையில் வெண்சீருடை அணிந்த மாணவர் கூட்டம் மூன்றாகப் பிரிகின்றது. ஒரு பகுதியினர் விளையாட்டு மைதானத்துக்கும் மன்ற அறைக்கும் செல்கின்றனர். இன்னொரு பகுதியினர் தனியார் வகுப்புகளை நோக்கி விரைகின்றனர். மூன்றாவது பகுதியினர் கலகாவுக்கும் தெல்தோட்டைக்கும் புசல்லாவைக்கும் பன்விலைக்கும் போகும் பஸ்ஸைத் தவறவிடக்கூடாதே என்று ஓடுகின்றனர். இந்த மூன்று வழிகளும் தற்செயலாக அமைந்தவை எனக் கொள்வோர் சமூகத்தின் அமைப்பை நோக்காதவரே ஆவர்.

பாடசாலை மன்றம் என்பது பொழுதுபோக்குக்குரிய ஒன்று என்ற கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. 'இணைபாடவிதானச் செயற்பாடு' என்று கல்வித்துறையினர் அதற்கிட்ட பெயரிலேயே அது பாடத்தின் நிழல் என்னும் எண்ணம் தொனிக்கின்றது. வரலாற்றை நோக்கின் உண்மை வேறாக இருத்தலைக் காணலாம்.

கண்டித் திரித்துவக் கல்லூரியில் 1904 தொடக்கம் 1924 வரை அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசர் என்னும் பாதிரியார், ஆங்கிலம் ஒன்றே கோலோச்சிய காலத்தில் சிங்களத்தையும் தமிழையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். உயர்குடிப் பிள்ளைகளைச் சமூகசேவைச் சங்கத்தின் வாயிலாக நகரின் வறியோர் வாழ்விடங்களுக்கும் அழைத்துச் சென்றார். அதில் கிறித்தவ மிஷனின் நோக்கமும் ஆளும் வர்க்கத்துக்கு 'நல்ல' தலைவர்களை உருவாக்கும் நோக்கமும் கலந்திருந்தன என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை. எனினும், மாணவன் பாடநூலை மூடிவைத்துவிட்டுத் தெருவைப் பார்க்கவேண்டும் என்ற கொள்கை அங்கே செயல்வடிவம் பெற்றது. வடக்கே 1924-ஆம் ஆண்டில் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் இதனினும் வெகுதூரம் சென்றது. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் தொடங்கிய அவ்வமைப்பு சாதிக்கொடுமையைக் கண்டித்தது; தாய்மொழிக் கல்வியைக் கோரியது; 1927-இல் காந்தியடிகளின் இலங்கை வருகைக்கு உழைத்தது; பின்னர் வாலிபர் காங்கிரசாக வளர்ந்து 1931-ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு மக்களை அழைத்தது. பகிஷ்காரம் சரியா, தவறா என்பது வேறு விவாதம். மாணவர் கூடிப் பேசிய ஓர் அமைப்பு நாட்டின் அரசியலையே அசைத்தது என்பதே ஈண்டு நாம் கருதவேண்டுவது.

அதே காலத்தில் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் நிலைமை எவ்வாறிருந்தது? ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது முதலாகக் காடழித்து மலைகளைப் பசுமையாக்கிய மக்களின் பிள்ளைகளுக்கு மாலைப்பொழுது என்ற ஒன்றே இருக்கவில்லை. 1907-ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற அளவிலேயே தோட்டப் பாடசாலை நெடுங்காலம் நின்றது. பத்து வயதுக்குமேல் பிள்ளைக்குப் பேர் போடவேண்டும், கொழுந்துக்கூடை காத்திருக்கின்றது. நகரத்துக் கல்லூரியில் விவாதமன்றத்துக்கு உரிய வயது தோட்டத்தில் பிரட்டுக் களத்துக்கு உரிய வயதாயிற்று. 1945-இல் வந்த இலவசக் கல்வியின் பயனைத் தோட்டப் பாடசாலைகள் அடைய அரசு அவற்றைப் பொறுப்பேற்கும்வரை, அதாவது 1970-கள் வரை, காத்திருக்கவேண்டியதாயிற்று. இடையில் 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964-இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கிட்டது. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாத பிள்ளை எந்த மன்றத்தில் அங்கத்தவனாவான்?

இத்தனை இடர்களுக்கிடையிலும் மலையகத்தில் ஓர் இலக்கியம் பிறந்தது. கண்டியை அடுத்த தலாத்துஓயாவில் வாழ்ந்த கே. கணேஷ் 1946-இல் கே. ராமநாதனுடன் சேர்ந்து 'பாரதி' என்ற சஞ்சிகையை நடத்தினார். சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கப் பணிக்கிடையே தோட்ட மக்களின் பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். 1960-களில் கல்வி கற்று வெளிவந்த ஆசிரியர்களும் இளைஞர்களும் மன்றங்களாகக் கூடினர். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் வீரகேசரியுடன் சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டிகளின் விளைச்சல் 1971-இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுதியாக வெளிவந்தது. கண்டியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள பேராதனையில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' இதழை வெளியிட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் தம் மாணவரைக் கொண்டு 1962-இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என அம்முயற்சி தொடர்ந்தது. படித்தவர் இழிவென ஒதுக்கிய கூத்து, மாணவர் சங்கம் ஒன்றின் வழியாக ஈழத்தமிழரின் நாடகமாக எழுந்து நின்றது. இவற்றுள் எதுவும் பரீட்சை மண்டபத்தில் பிறந்ததன்று. பரீட்சைக்குப் புறம்பாக மாணவரும் ஆசிரியரும் கூடிய மாலைகளிலேயே இவை பிறந்தன.

இவ்வாறு பெருமைக்குரிய மரபைப் பெற்ற மன்றங்கள் இன்று எந்நிலையில் உள்ளன? கண்டியிலும் சுற்றுப்புறங்களிலுமுள்ள தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் தமிழ் இலக்கிய மன்றம் இருக்கத்தான் செய்கின்றது. தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, சென்ற கூட்ட அறிக்கையும் உண்டு. ஆண்டுதோறும் தமிழ்மொழித் தினப் போட்டி வருகின்றது. பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக மாணவர் ஏறிச் செல்கின்றனர். இம்முயற்சியில் ஆசிரியர் பலர் தம் கைப்பணத்தையும் ஓய்வுநேரத்தையும் செலவிடுகின்றனர். அவர்களது உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மையாகும். ஆயினும் அவ்வுழைப்பின் விளைவைத் திறனாய்வுக் கண்கொண்டு நோக்குதல் நம் கடமை.

பேச்சுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். பேச்சை எழுதுபவர் ஆசிரியர் அல்லது பெற்றார். மனனஞ் செய்பவர் மாணவர். மதிப்பிடுபவர் குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் கையசைவுக்கும் புள்ளியிடுபவர். மாணவரின் சிந்தனைக்கு இம்மூவரிடையே இடம் எங்கே? பேச்சின் நடையையும் நோக்கவேண்டும். அடுக்குமொழி, எதுகை, மோனை, 'அவையோரே' என்ற விளி, முடிவில் ஒரு முழக்கம். இந்நடை தமிழகத்துத் திராவிட இயக்கம் வளர்த்தெடுத்தது. அவ்வியக்கத்தின் குரல் கடல் கடந்து மலையகத்துக்கு வந்தபோது, 'கூலி' என்று இகழப்பட்ட மனிதனுக்குத் தலைநிமிரும் தைரியத்தை அது அளித்தது, அதனை மறுப்பதற்கில்லை. அன்று அந்த அடுக்குமொழிக்குப் பின்னால் ஒரு கோபம் இருந்தது. இன்று கோபம் நீங்கி அடுக்கு மாத்திரம் எஞ்சியுள்ளது. நெருப்பு அணைந்த பின்னரும் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பது போன்றது இது. லயத்தில் வாழும் மாணவி ஒருத்தி மேடையேறித் 'தேமதுரத் தமிழோசை' பற்றி ஏழு நிமிடம் பேசிப் பரிசும் பெறுகின்றாள். தன் தாய் மழையில் கொழுந்தெடுக்கையில் பேசும் தமிழைப் பற்றி ஒரு வாக்கியமும் அவள் சொல்வதில்லை. அந்தத் தமிழ் மேடைக்கு உரியதன்று என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லாமலே அவள் அறிந்துகொண்டாள் என்பதுதான் துயரம்.

நாடகத்திலும் இந்நிலையே. பாடசாலை மேடைகளில் சேர சோழ பாண்டியரும் கண்ணகியும் கர்ணனும் உலவுகின்றனர். மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடப்படுகின்றது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் மலையக மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த கூத்துகள். தப்பின் ஓசை கேட்டதும் எழுந்து ஓடும் பிள்ளை, அந்தத் தப்பைப் பாடசாலை வாயிலில் விட்டுவிட்டே உள்ளே வரவேண்டியவனாக இருக்கின்றான். தப்பை மேடைக்கு வெளியே நிறுத்துவதில் சாதிமனோபாவத்துக்கும் பங்குண்டு என்பதை முற்போக்காளர் மூடி மறைத்தல் ஆகாது. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துக்குச் செய்த பணியை மலையகக் கூத்துக்குச் செய்ய ஒவ்வொரு பாடசாலை மன்றத்துக்கும் வாய்ப்புண்டு. அக்கலைஞர் பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கின்றனர்.

மன்றத்தை மெலியச் செய்யும் இன்னொரு சக்தி தனியார் வகுப்பாகும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கி க.பொ.த. உயர்தரம் வரை மாணவரின் மாலைகளையும் வாரவிடுமுறைகளையும் அது விழுங்கிவிடுகின்றது. 'ஏழைப் பிள்ளைக்குப் பரீட்சை ஒன்றே ஏணி. மன்றமும் நாடகமும் வசதிபடைத்தவருக்கு உரியவை. அவற்றைக் கூறி அவன் ஏணியைப் பறிக்கலாமா?' என்று கேட்போர் உளர். இவ்வினாவை அலட்சியம் செய்தல் தகாது. இதைக் கேட்பவருட் பலர் பிள்ளையின் நலம் நாடும் தொழிலாளப் பெற்றோரே. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடி 2021-இலேயே அதைச் சட்டபூர்வமாகப் பெற்ற மக்கள் அவர்கள். ஆனால் தோட்டச் சம்பளத்தில் தனியார் வகுப்புக்குக் கட்டணமும் பஸ் செலவும் கொடுக்க எத்தனை குடும்பங்களால் இயலும்? காசு கொடுத்து ஏறவேண்டிய ஏணி ஏழையின் ஏணியன்று. அன்றியும், வசதியுள்ள கல்லூரிகள் தம் மன்றங்களைக் கைவிடவில்லை. 1906-இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் தொடங்கிய ரகர் போட்டி இன்றும் கண்டியின் பெருவிழா. விவாதமன்றமும் சாரணியமும் வாத்தியக்குழுவும் அங்கே செழிக்கின்றன. அவையில் அஞ்சாது பேசவும், கூட்டம் நடத்தவும், மாற்றுக்கருத்தைப் பொறுமையுடன் கேட்டு மறுக்கவும் அங்கே பழகியவரே பின்னர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் சட்டசபையிலும் பேசுகின்றனர். ஏழைக்குப் பரீட்சை, செல்வனுக்குப் பரீட்சையுடன் மன்றமும் என்று பங்கிட்டால், விடை எழுதுபவன் ஒருவனாகவும் கட்டளையிடுபவன் இன்னொருவனாகவும் ஆவதைத் தடுக்க முடியாது.

மற்றுமொரு காரணத்தாலும் கண்டிக்கு மன்றங்கள் இன்றியமையாதவை. இந்நகரில் சிங்களம், தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் கூப்பிடு தூரத்தில் உள்ளன. அவற்றின் மாணவரோ ஒருவரையொருவர் அறியாமலே வளர்கின்றனர். தாய்மொழிக் கல்வி நமக்குப் பெருநன்மை செய்தது. ஆனால் மொழிக்கொரு மதில் எழுந்ததும் உண்மை. 1983 யூலைக் கலவரத்தை நாடு மறக்கவில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டபோது அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஒருநாளேனும் ஒரே மேடையில் நாடகம் ஆடிய, ஒரே பத்திரிகையை வெளியிட்ட இளைஞர் அயலவரின் கடைக்குத் தீயிடச் சற்றேனும் தயங்குவர் என நம்புதல் வெறுங்கனவன்று. அந்தத் தயக்கத்தை வளர்க்க நம்மிடம் இருக்கும் இடம் மாலைநேர மன்றமே.

ஆகவே செய்யவேண்டியது யாது? முதலாவதாக, பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளையை மனத்திற்கொண்டு மன்றத்தை அமைத்தல் வேண்டும். வாரத்தில் ஒருநாள் இறுதி இரண்டு பாடவேளைகளை மன்றத்துக்கு ஒதுக்கினால் தோட்டத்துப் பிள்ளையும் அதில் பங்குபெறுவான். மாலையில் நிற்கவேண்டுமாயின் அவனுக்கு ஒருவேளை உணவும் வீடு சேர வாகனமும் வேண்டும். இவற்றைக் கோருவது பெற்றோர் சங்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் உரிய கடமை. இரண்டாவதாக, எழுதிக்கொடுத்த பேச்சைக் கைவிட்டு, மாணவர் தாமே தெரிந்த பொருளைத் தம் சொல்லில் பேசும் வழக்கம் தோன்றவேண்டும். அது தடுமாறினாலும் பெரிதில்லை. மூன்றாவதாக, கையெழுத்துச் சஞ்சிகை மீண்டும் உயிர்பெற வேண்டும். பாட்டி பாடும் தாலாட்டும் ஒப்பாரியும், தோட்டத்தின் பெயர் வந்த கதையும், லயத்தின் வரலாறும் அதில் இடம்பெறட்டும். சி. வி. தனியொருவராகச் செய்ததை நூறு பிள்ளைகள் சேர்ந்து செய்யலாம். நான்காவதாக, அயற்பாடசாலையின் சிங்கள மாணவருடன் ஆண்டுக்கொரு முறையாயினும் இருமொழி நிகழ்ச்சி நடைபெறவேண்டும்.

இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. மனமும் நேரமும் உள்ள ஆசிரியர் ஓரிருவரும், அவருக்கு இடையூறு செய்யாத அதிபர் ஒருவரும் போதும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னால் உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலைச்சரிவிலும் லயங்கள் உள்ளன. அங்கிருந்து கீழே நோக்கினால் பல்கலைக்கழகத்தின் கூரைகள் தெரியும். அந்தத் தூரத்தைக் கடக்கும் பிள்ளை பரீட்சைப் புள்ளிகளை மாத்திரம் சுமந்து செல்லாமல், தன் மக்களின் பேச்சையும் பாட்டையும் கோபத்தையும் உடன்கொண்டு செல்லவேண்டும். அதற்கு அவனையும் அவளையும் ஆயத்தப்படுத்துவது மாணவர் மன்றத்தின் வேலை. அம்மன்றத்தை மீட்டெடுப்பது ஆசிரியரின் வேலை.