நோட்டின் ஓரத்தில் ஒரு கேள்வி

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். நோட்டுகள் அச்சாகிக் குவியும் சிவகாசியும் இங்கேதான். இங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வகுப்புக் குறிப்பிலிருந்து தானே கேள்வி எடுப்பதைத்தான் மேலான திறமை என்பேன். வேதியியல் நோட்டில் ‘பேரியம் உப்பு பச்சைச் சுடர் தரும்’ என்று ஒரு வரி. ‘பச்சை தருவது எது?’ என்றால் ஒரு சொல்லோடு வேலை முடிந்தது. ‘பேரியம் நைட்ரேட்டில் நிறம் தருவது எது, எரிய ஆக்சிஜன் தருவது எது?’ என்றால் அந்த வரியைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். ‘அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் ஏன் ஆபத்து?’ என்பது இன்னும் ஒரு படி மேல். சூடும் ஹைட்ரஜனும் கிளம்பும் என்ற விடை, பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் சிவகாசி வீடுகளில் உயிர் காக்கும் அறிவு.

பரீட்சைக்குப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளே போதும், இதற்கு ஏது நேரம் என்பார்கள். மதிப்பெண்ணுக்கு அவை வேண்டும்தான். ஆனால் 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. கைடில் கேள்விக்குக் கீழேயே விடை இருப்பதால் கண் அங்கே ஓடிவிடும்; தானே எழுதிய கேள்விக்கோ விடையை நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிள்ளைகள் கேள்வியையே தப்பாக எழுதிவிடுவார்களே என்ற அச்சம் நியாயம்தான். ஆனால் எங்கே புரியவில்லை என்பதை அந்தத் தப்பே ஆசிரியருக்குக் காட்டிவிடும். ஆசிரியர்களே, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொல்லுங்கள்.