பன்மையும் ஒருமையும்

நகரம், பன்மைத்துவம், மற்றமை, விளிம்பு என்று நாம் நிறையவே எழுதியாயிற்று. பன்மை என்பதற்குத் தமிழில் இன்னொரு பொருள் இருப்பது சந்தவாசல் கடைத்தெருவில்தான் எனக்கு உறைத்தது. ஜவ்வாது மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கிய பெரியவர் ஒருவர். மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் வயதில் பாதிகூட இல்லாத கடைக்காரர் சொன்னார்: 'இன்னா, இவ்ளோதானா? அங்க வச்சிட்டுப் போ.' பெரியவர், 'சரிங்க சாமி' என்றார்.

சண்டை ஏதுமில்லை. ஒரே பஸ், ஒரே டீக்கடை. இணக்கம் என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்றத்தாழ்வு வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது.

ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறியன்று என்கிறது தொல்காப்பியக் கிளவியாக்கம். அதாவது, மரியாதை இலக்கணம் தந்ததல்ல, வழக்கு தந்தது. யாருக்குத் தருவது என்பதை அதிகாரம் தீர்மானித்தது. வழக்கு என்பதாலேயே அதை மாற்றவும் முடியும்.

கிராமத்தை அரசியலின் அலகாகக் கொள்ள 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மறுத்தார். நம்பிக்கை நகரத்தின் பக்கம் போயிற்று. சென்னையோ 2000 முதல் கூவக்கரை ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது. அவர்களில் பலர் தலித்துகள். ஊருக்கு வெளியே சேரி என்பதை நகரம் அடுக்குமாடியாகக் கட்டிக்கொண்டது.

1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் எதிர்த்திசையில் யோசித்தது. 100 வீடு: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. ஒரே தெருவில் குடியிருப்பு, பொதுச் சுடுகாடு. எந்தக் கிராமமும் தானாகச் செய்யாத காரியம் இது. கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்பது ஒதுக்கீட்டு ஆணையில் வராது.

ஜமுனாமரத்தூர் கோடை விழாவில் மலைமக்களின் ஆட்டத்துக்கு மேடை உண்டு. கலாச்சாரத்துக்குப் பன்மை, அதைச் சுமப்பவருக்கு ஒருமை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்படை சுட்டு 20 பேர் செத்தார்கள். பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக் கூலிகள். எந்த நீதிமன்றமும் விசாரிக்கும் முன்பே செய்திகளில் அவர்கள் 'கடத்தல்காரர்கள்' ஆனார்கள். செத்த பிறகு விகுதி கிடைத்தது. ஆனால் அது மரியாதைப் பன்மையல்ல, எண்ணிக்கைப் பன்மை.

கடைக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நழுவ முடியாது. நம் சிறுகதைகளைப் புரட்டிப் பாருங்கள். பண்ணையார் 'வந்தார்', பண்ணையாள் 'வந்தான்' என்றுதான் கதைசொல்லி பேசுகிறார். பாத்திரம் அப்படிப் பேசினால் அது யதார்த்தம். கதைசொல்லி பேசினால் அது யார் குரல்? நானும் அப்படி எழுதியவன்தான். உள்ளடக்குதல் என்கிற பெரிய வார்த்தைக்கு முன்னால், தாலுகா ஆபீசிலும் ரேஷன் கடையிலும் நம் பிரதிகளிலும் 'வாங்க, உட்காருங்க' என்பது வழக்காகட்டும். வாசல் என்று பெயரிலேயே வைத்திருக்கும் ஊர், உள்ளே வருகிறவரை வேறெப்படி அழைப்பது?