இணையவழிப் பௌத்தக் கல்வி: மணிமேகலையை அளவுகோலாகக் கொண்ட ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்ட உ. வே. சாமிநாதையருக்கு நேர்ந்த பெரிய இடர் ஏட்டுப் பிழையன்று. பௌத்தம் இன்னதென்று சொல்லித்தர ஒருவர் இல்லாமையே அவ்விடர். சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஐயங்களைத் தீர்த்துக்கொள்வதற்குக் கும்பகோணத்திலே சமணர் இருந்தனர். மணிமேகலைக்கு அத்தகையோர் இல்லை. தமிழ்நாட்டிற் பௌத்தம் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. ஆங்கிலம் அறியாத ஐயருக்குக் கும்பகோணம் கல்லூரியைச் சேர்ந்த ரங்காசாரியார் மேலைநாட்டறிஞரின் பௌத்த நூல்களைப் படித்துப் பொருள் கூறினார். 1898இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பிலே புத்தரின் வரலாறு, தருமம், சங்கம் என்பன பற்றிய வசனப் பகுதிகள் இடம்பெற்றமை இவ்வுழைப்பின் பயனாகும்.

எனவே, தமிழர் ஒருவர் பௌத்தத்தை ஆங்கிலத்தின் வழியாக, தொலைவிலிருந்து கற்றல் இணையத்தோடு தோன்றிய நிலைமையன்று. ஆயின் ஐயர் கற்ற முறைக்கும் இன்றைய மாணவர் கணினித் திரையின்முன் அமர்ந்து கற்கும் முறைக்கும் இடையே மனங்கொள்ளத்தக்க வேறுபாடொன்று உண்டு. ஐயரின் கையில் முதலில் இருந்தது நூல். அந்நூல் எழுப்பிய வினாக்களோடுதான் அவர் ரங்காசாரியாரிடம் சென்றார். இணையப் பாடநெறியிற் சேர்பவருக்கோ விடையை மட்டுமன்றி வினாவையும் பாடநெறியே தந்துவிடுகின்றது. இவ்வினா யாருடைய வினா என்பதே இப்பாடநெறிகளை மதிப்பிடுமிடத்து முதலில் ஆராயற்பாலது.

இலங்கைத் தமிழ் மாணவருக்கு இவ்வாராய்ச்சி ஒரு பொழுதுபோக்கன்று. இந்நாட்டுப் பாடசாலைகளில் மாணவர் தத்தம் சமயத்தையே பாடமாகப் பயில்கின்றனர். சைவ மாணவர் பௌத்தத்தைச் சந்திக்கும் இடங்கள் சிலவே. ஈழத்திலிருந்து சென்ற பௌத்த குரு தில்லையிலே மணிவாசகரிடம் வாதில் தோற்ற கதை ஒன்று. சம்பந்தர் பதிகங்களில் வரும் சமண, சாக்கியக் கண்டனம் மற்றொன்று. சித்தாந்தம் பயில்வோராயின் சிவஞானசித்தியார் பரபக்கத்திலே சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்போர் வரிசையாக வந்து மறுக்கப்படுதல் பிறிதொன்று. பரபக்கத்துப் பௌத்தன் தோற்பதற்கென்றே அழைத்துவரப்பட்டவன். இவற்றுக்கு வெளியே, 1972ஆம், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புகளில் முதன்மை இடம் பெற்ற அரச சமயமாகவே பௌத்தம் தமிழ் மாணவருக்கு அறிமுகமாகின்றது. தோற்ற எதிரி, ஆளும் சமயம் என்னும் இவ்விரு உருவங்களுக்கும் அப்பால் அதனை ஒரு சிந்தனையாக அறிய விரும்புபவர் எங்கே செல்வது? பேராதனையிலும் களனியிலும் பாளி, பௌத்தக் கற்கைகளுக்குரிய துறைகள் உள்ளன. எனினும் ஒரே வளாகத்தில் அடுத்த கட்டடத்திற்குச் செல்வதிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் காணொளியைத் திறப்பது எளிதாகத் தோன்றுகின்றது. இதனை வெறும் சோம்பல் என்று தள்ளிவிட இயலாது. அந்நூறடித் தூரத்திற்கு வரலாறு உண்டு.

மணிமேகலையிலேயே இதற்கு ஒப்பான நிலைமை பேசப்படுகின்றது. மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தை அருளியமைக்குக் காரணம் உண்டு: இளையவள், பெண் என்று கருதிச் சமயவாதிகள் அவளுக்குத் தம் கொள்கையின் சாரத்தை உரையார். வஞ்சியிலே மாதவன் வடிவத்தில் நின்றே அவள் சமயக்கணக்கர் திறங்களைக் கேட்கின்றாள். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கல்வியின் கதவு திறப்பதும் மூடுவதும் பழைய வழக்கம். இணையப் பாடநெறியின் முதற் சிறப்பு அது இவ்வினாவை எழுப்பாமையே. கேட்பவர் தமிழரா சிங்களவரா, ஆணா பெண்ணா, கொழும்பினரா கிளிநொச்சியினரா என்பதைத் திரை வினவுவதில்லை. வேற்றுருக் கொள்ளாமலே கேட்கலாம் என்பது சிறிய நன்மையன்று. இப்பாடநெறிகளைக் குறைகூறுவோர் இதனை மறந்துவிடுதல் கூடாது.

இனிப் பாடநெறிகளை நோக்கலாம். தேட முற்படுபவரின் கண்ணிற் பெரும்பாலும் முதலிற் படுவன புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பெயர்களே. அவற்றுள் 2014இல் கோர்செரா வழியாக வெளிவந்த 'பௌத்தமும் நவீன உளவியலும்' என்னும் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பாடநெறி பரவலாக அறியப்பட்டது. இதனை நடத்தியவர் றொபேட் றைற்; பின்னர் 2017இல் இதே பொருள் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். இன்பம் நிலையாமை, மனத்தின் அலைவு, அனாத்மக் கொள்கை, தியானம் என்பவற்றை இயற்கைத் தேர்வுக் கொள்கையின் ஒளியில் அவர் விளக்குகின்றார். விளக்கம் தெளிவானது, கேட்பவரைச் சலிப்படைய விடாதது. மறுபிறப்பு முதலியவற்றை விலக்கி, உளவியலாற் சோதிக்கக்கூடியவற்றை மட்டுமே எடுத்துக்கொள்வதாக அவர் ஒளிவின்றிக் கூறிவிடுகின்றார். அந்நேர்மை பாராட்டத்தக்கது.

ஆனால் இங்கே வினா யாருடையது? பௌத்தம் தன்னைப் பற்றி எழுப்பிக்கொண்ட வினா அன்று அது; நவீன உளவியலின் வழக்கிலே புத்தர் சாட்சியாக அழைக்கப்படுகின்றார். சாட்சி கேட்டதற்கு மட்டும் விடை கூறலாம். மணிமேகலையைக் கற்றவர் இவ்விடத்தில் இடறுவது இயல்பு. உதயகுமாரன் முற்பிறப்பில் இராகுலன் என்னும் செய்தியை நீக்கிவிட்டால் காப்பியத்தின் முடிச்சே அவிழ்ந்துவிடும். கதையை விடுத்துத் தத்துவத்தை மட்டும் கொண்டாலும், அறவண அடிகள் பன்னிரு நிதானங்களை நான்கு கண்டமாகவும் மூன்று சந்தியாகவும் முக்காலத்திற்கும் உரியனவாகவும் பகுத்துக் காட்டுவது ஒரு பிறவிக்குள் அடங்கும் பகுப்பன்று. மறுபிறப்பை ஏற்பதும் ஏற்காமையும் கற்பவரின் உரிமை. அதனை நீக்கியபின் எஞ்சுவதைப் பௌத்தம் முழுவதுமெனக் கொள்வதே தவறாகும்.

ஹார்வார்ட் பல்கலைக்கழகம் எடெக்ஸ் வழியாக வழங்கிய 'நூல்களினூடாகப் பௌத்தம்' என்னும் பாடநெறி இதற்கு மாறான போக்குடையது. உலக சமயங்களை அவற்றின் நூல்கள் மூலம் அறிமுகப்படுத்தும் வரிசையில் 2016இல் அமைந்த இதனை நடத்திய சார்ள்ஸ் ஹலிசி, பாளி, சிங்கள இலக்கியங்களில் ஆழ்ந்த ஆய்வு செய்தவர். தேரீகாதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இங்கே நூற்பகுதி முன்னிற்கின்றது, விளக்கம் பின்வருகின்றது. ஒரு நூலை வெவ்வேறு சமூகத்தார் வெவ்வேறு வகையிற் படித்தனர் என்னும் உணர்வும் ஊட்டப்படுகின்றது. குறை அதன் சுருக்கமே. சில வார அளவினதான பாடநெறியில் தேரவாதமும் மகாயானமும் சிறு சிறு பகுதிகளாகவே வந்து செல்கின்றன. பந்தியிற் பல கறி. ஒன்றிலாவது பசியாற உண்டதாகத் தோன்றாது.

இவ்விரண்டும் பெற்ற புகழைப் பெறாதது, ஆனால் இவற்றினும் மேலானது, பிக்கு போதியின் மஜ்ஜிம நிகாய விரிவுரைத் தொடராகும். நியூயேர்சியிலுள்ள மடமொன்றில் 2003ஆம் ஆண்டு தொடங்கி அவர் நிகழ்த்திய இவ்விரிவுரைகள் ஒலிப்பதிவுகளாகக் கட்டணமின்றி வெளியிடப்பட்டன. பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. கண்டியிலே நெடுங்காலம் வாழ்ந்து, 1958இல் அங்கு நிறுவப்பட்ட பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் பதிப்பாசிரியராகப் பணிபுரிந்தவர் அவர். மஜ்ஜிம நிகாயத்தின் 152 சுத்தங்களை நூலின் வரிசையிலன்றிக் கற்போனின் படிமுறை வளர்ச்சிக்கேற்ற வரிசையில் அவர் எடுத்துச் செல்கின்றார். நூலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும். நூலின்றிக் கேட்பவருக்கு இவை பெரிதும் பயன்படா. ஐயர் ரங்காசாரியாரிடம் பெற்ற கல்விக்கு மிகவும் அண்மையில் நிற்பது இதுவே எனலாம். சான்றிதழ் வேண்டுபவர் இதனை நாடமாட்டார். அதனாலும் ஒரு நன்மை உண்டு.

எப்பாடநெறியாயினும் தமிழ் மாணவர் எதிர்கொள்ளும் தனிச் சிக்கல் சொற்களிலே இருக்கின்றது. இவை யாவும் ஆங்கிலப் பாடநெறிகள். ஆயினும் ஆசிரியர் பாளிச் சொற்களை இடையிடையே வழங்குவர். தமிழர் அச்சொற்களைக் கேட்டவுடன் தெரிந்தனவாகவே கொள்வர். தெரிந்த சொல்லே இங்கே பகை. 'வேதனா' என்றதும் வேதனை நினைவுக்கு வரும். பாளியிலோ அது இன்ப நுகர்ச்சி, துன்ப நுகர்ச்சி, இரண்டுமல்லாத நுகர்ச்சி ஆகிய மூன்றையும் குறிப்பது. கந்தசஷ்டியிற் சூரசங்காரம் பார்த்து வளர்ந்தவர் 'சங்காரா' என்பதைக் கேட்டால் அழித்தலை எண்ணுவர். பாளிச் சொல்லோ பெரிதும் ஆக்கத்தைச் சுட்டுவது. 'துக்க' என்பதை இழவு வீட்டுத் துக்கத்தோடு ஒன்றாக்கிக்கொண்டால், உலகைச் சோகமயமாகக் காணும் சமயம் பௌத்தம் என்னும் தவறான முடிவு உடனே பிறந்துவிடும்.

மணிமேகலை ஆசிரியர் இச்சிக்கலை அறிந்தவர் போன்று பெரும்பாலும் தமிழ்ச்சொற்களையே ஆண்டுள்ளமை வியப்பிற்குரியது. வேதனைக்கு அவர் தரும் சொல் நுகர்வு. இதனினும் பொருத்தமான சொல்லை இன்று உருவாக்குதல் அரிது. அவித்தை பேதைமையாகின்றது; ஸ்பரிசம் ஊறாகின்றது; தண்ஹா வேட்கையாகின்றது. நாமரூபம் என்பதைப் பெயர், வடிவம் எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காது அருவுரு என்கின்றார். உருவற்ற மனக்கூறுகளும் உருவுடைய உடலும் எனப் பொருள் தெளிவாகின்றது. சங்காரத்திற்குச் செய்கை என்பதே அவர் சொல். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இதற்கு ஒரு சொற்காண மிகவும் இடர்ப்பட்டனர். பிக்கு போதி எண்ணத்தோடு கூடிய ஆக்கங்கள் எனப் பொருள்படும் தொடரை மேற்கொண்டார். சங்யுத்த நிகாயத்தின் நிதானப் பகுதி சங்காரத்தை உடல், சொல், மனம் என்னும் மூன்றன் வழிப்பட்டதாக வகுக்கின்றது. மணிமேகலையும் தீவினையை உடலில் மூன்று, சொல்லில் நான்கு, உள்ளத்தில் மூன்று எனப் பத்தாக வகுக்கின்றது. செய்கை என்னும் சொல் தற்செயலாக வந்ததன்று என்பதற்கு இதுவே சான்று. எல்லாச் சொல்லும் இவ்வாறு எளிதாகக் கைகொடுக்கும் என்பதற்கில்லை. விஞ்ஞாணத்திற்கு வழங்கும் உணர்வு என்பது இன்றைய தமிழில் உணர்ச்சி என்ற பொருளை நோக்கி நகர்ந்துவிட்டது. அச்சொல்லைப் பழைய பொருளில் மீட்டே படிக்க வேண்டும்.

கற்பிக்கும் வரிசையிலும் மணிமேகலை ஓர் அளவுகோலாகின்றது. அளவைவாதி முதற் பூதவாதி ஈறாகப் பதின்மரின் கொள்கைகளைக் கேட்டபின்னரே அவளுக்குத் தருமம் உரைக்கப்படுகின்றது. பூதவாதியைப் பார்த்து அவள் நகைக்கின்றாள்: காட்சியன்றிக் கருதலளவையை ஏற்காத நீ உன் தாய்தந்தையரை எவ்வாறு அறிந்தாய் என்பது அவள் வினா. அதன்பின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் முதலிற் புகட்டுவது நான்கு வாய்மைகளையன்று. காட்சி, கருத்து என்னும் இரு அளவைகளையும் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றில் நேரும் முப்பத்துமூன்று போலிகளையுமே. வடமொழி நியாயப்பிரவேசத்தோடு நெருங்கிய உறவுடைய இப்பகுதியை வறண்டதென இலக்கிய மாணவர் ஒதுக்கிவிடுதல் வழக்கம். எனினும் அதன் கருத்து ஆழமானது: பிழையான வாதம் எதுவென்று அறியாதவருக்குச் சரியான கொள்கையைக் கூறுவதாற் பயனில்லை. அறிமுகப் பாடநெறிகளில் இவ்வளவு இடம் அளவையியலுக்குக் கிடைப்பதைக் காண்பது அரிது. அங்கே தியானம் முதலில் வருகின்றது. ஐயுறும் பயிற்சி வருவதேயில்லை.

பாளியைக் கற்கும் வாய்ப்பு மட்டும் இணையத்திலே உறுதியாகக் கிடைக்கின்றது. கண்டிப் பகுதிக் கிராமமொன்றில் ஆய்வு செய்து 1971இல் நூல் வெளியிட்ட றிச்சாட் கொம்பிறிச் 2004இல் நிறுவிய ஒக்ஸ்போர்ட் பௌத்த ஆய்வு நிலையம் பாளி மொழியை இணையவழியாகக் கற்பித்துள்ளது. தானே படிக்க விரும்புபவருக்கு 1963இல் வெளிவந்த வார்டரின் பாளி அறிமுக நூல் முப்பது பாடங்களில் தீக நிகாய வசனத்தையே பயிற்சிக்குத் தருகின்றது. ஆங்கிலேய மாணவர் இவற்றில் முதலில் மயங்குவது பெயர்ச்சொல்லின் எட்டு வேற்றுமைகளில். தமிழ் மாணவரோ எட்டு வேற்றுமையையும் பாடசாலையிலேயே மனனஞ்செய்தவர். வடமொழி இலக்கணத்தையும் தமிழையும் இணைத்து நோக்கிய வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரர் செய்தது. அதனை 1881இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. வேற்றுமை அட்டவணையைப் புரட்டும் யாழ்ப்பாணத்து மாணவர் முற்றிலும் அந்நியமான மொழியொன்றின் வாயிலில் நிற்கவில்லை. மணிமேகலையின் முப்பதாம் காதையையும் நிதான சங்யுத்தத்தின் இரண்டாம் சுத்தத்தையும் அருகருகே வைத்து, பன்னிரண்டு சொற்களுக்கும் பன்னிரண்டு சொற்களை நேர்நிறுத்திப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கு அடுத்த கட்டடத்தைச் சேர்ந்த பாளித் துறை மாணவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொள்ளலாம். அவர் மணிமேகலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டார் என்று முன்கூட்டியே முடிவுசெய்வதற்கு ஆதாரம் எதுவுமில்லை.