சத்தம் மாறுதே, கேட்டியா?

களம்பூர் என்றதும் உங்களில் பலருக்கு அரிசி மூட்டைதான் ஞாபகம் வரும். விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையில் 'ஆரணி ரோடு' ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். நீங்கள் நிற்கும் ஊர் ஆரணி அல்ல, களம்பூர். தெருவுக்குள் நுழைந்தால் ஆரணிப் பட்டு நெய்யும் தறிச் சத்தம்.

சமீபத்தில் அங்கே போனபோது என் பையில் ஒரு மேனேஜ்மென்ட் புத்தகம் இருந்தது. ஜான் விட்மோர் 1992-ல் எழுதிய 'கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்'. ஊழியர்களின் திறமையை வளர்ப்பது பற்றிப் பேசுகிற யாரும் இந்தப் புத்தகத்தைத் தொடாமல் போவதில்லை. விட்மோர் கார் பந்தய வீரர். இவருக்கு வழிகாட்டி, 1974-ல் 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' எழுதிய டிமதி கால்வே.

கால்வேயின் உத்தி ரொம்ப எளிது. மட்டையை இப்படிப் பிடி, அப்படி வீசு என்றெல்லாம் சொல்வதில்லை. பந்து தரையில் படும்போது ஒரு வார்த்தை, மட்டையில் படும்போது ஒரு வார்த்தை, நீயே வாய்விட்டுச் சொல் என்பார். ஆடுகிறவரின் கவனம் பந்துக்குப் போய்விடும். ஆட்டம் தானாகத் திருந்தும். இதைத்தான் விட்மோர் ஆபீசுக்குக் கொண்டுவந்தார். உன் இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப்போகிறாய்? மேலாளர் இந்த நாலையும் கேட்டால் போதும். பதிலை ஊழியரே கண்டுபிடிப்பார்.

'இதுக்கு ஒரு புத்தகமா?' என்றுதான் நானும் நினைத்தேன். அந்தக் குழித்தறி வீட்டுத் திண்ணையில் உட்காரும் வரை.

மருமகள் தறியில். நெசவு பழகி ஆறு மாசம்தான் ஆகிறதாம். மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஏம்மா, சத்தம் மாறுதே, கேட்டியா?"

அந்தப் பெண் நிறுத்தினாள். மிதியை மறுபடி அழுத்திப் பார்த்தாள். "ஓரத்துல இழை தொய்ஞ்சிருக்கு மாமா. நாடா அதுல இடிக்குது."

"சரி, என்ன பண்ணலாம்?"

அவளே சரிசெய்தாள். பெரியவர் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். விட்மோரின் முந்நூறு பக்கமும் அரை நிமிஷத்தில் முடிந்தது!

இதில் லாபம் என்ன? அடுத்த முறை பெரியவர் வீட்டில் இல்லாவிட்டாலும் அவள் காது கேட்கும். என் கதையையும் சொல்கிறேன். பி.காம். முடித்துக் கணக்கு எழுதப் போன இடத்தில் ட்ரையல் பேலன்ஸ் உதைத்தது. "உனக்குக் கவனமே பத்தாதுய்யா" என்றார் ஆபீசர். கை நடுங்கி இன்னும் நாலு தப்பு செய்தேன். பக்கத்து சீட் சீனியர் மெதுவாகக் கேட்டார்: "வித்தியாசம் எவ்வளவு? 9-ஆல வகுபடுதா?" 90. வகுபட்டது. 540-ஐ 450 என்று மாற்றி எழுதியிருந்தேன். முதலாமவர் என்னைப் பற்றிப் பேசினார், இரண்டாமவர் கணக்கைப் பற்றி.

இது வெறும் என் அனுபவம் இல்லை. குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல் நூற்றுக்கணக்கான பரிசோதனை முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலை எப்படி இருக்கிறது என்று சொன்னதால் சராசரியில் திறமை கூடியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறமை குறைந்திருந்தது! அவர்கள் தந்த விளக்கம்: கவனம் வேலையை விட்டு 'நான்' பக்கம் திரும்பினால் பலன் குறைகிறது. கூகுள் நிறுவனமும் தன் மேலாளர்களை ஆராய்ந்து, நல்ல மேலாளருக்கு முதல் குணம் நல்ல பயிற்சியாளராக இருப்பது என்று 2011-ல் வெளியே சொன்னது.

அப்படியானால் புத்தகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது.

சம்பளமும் வேலைநீக்கமும் மேலாளர் கையில் என்பதை விட்மோரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் நம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி நகர்ந்துவிடுகிறார். மார்ச்சில் இன்கிரிமென்ட்டை வெட்டப்போகிறவரிடம், ஜனவரியில் "எனக்கு இது வரலை சார்" என்று சொல்வீர்களா நீங்கள்? நான் சொல்ல மாட்டேன். மாமனாரிடம் மருமகள் சொன்னாள், ஏனென்றால் தப்பைச் சொன்னால் அவர் கையிலிருந்து எதுவும் பறிபோகாது. பயிற்சி தருகிறவரும் மார்க் போடுகிறவரும் ஒரே ஆள் என்றால் நாலு கேள்வியும் விசாரணை ஆகிவிடும்.

இன்னொன்று, கற்கும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? தறியில் சேலைக்குத்தான் கூலி. அந்தப் பெண் நிறுத்தி யோசித்த ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் குடும்பத்தின் செலவு. கம்பெனிகளாவது அதைச் சம்பள நேரத்தில் கொடுக்கட்டும். இலக்கைக் குறைக்காமல் 'கோச்சிங்'கை மட்டும் கூட்டினால் அது ஓவர்டைமுக்கு இன்னொரு பெயர்.

கிளம்பும்போது பெரியவரிடம், "ரொம்ப நல்லா சொல்லிக் கொடுக்கறீங்க ஐயா" என்றேன். சிரித்தார். "பையனுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். நல்லா நெய்வான். இப்ப செய்யாறு சிப்காட்ல ஷூ கம்பெனிக்குப் போறான். மாசம் பொறந்தா சம்பளம் வந்துருதே தம்பி."

2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறியை நம்பியிருந்த நெசவாளர்களும் சார்புத் தொழிலாளர்களும் 43.31 லட்சம். 2019-20-ல் 35.22 லட்சம். இவர்கள் எல்லோரும் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் போனவர்கள் அல்ல.

புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் நீங்கள் மேலாளர் என்றால், அந்த நாலு கேள்விக்கு முன்னால் ஐந்தாவதாக ஒன்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இவன் நன்றாகக் கற்றுக்கொண்டால் இவனுக்கு என்ன கிடைக்கும்?