கயிறு பிடிக்க ஆளில்லாத பாலகன்

ஜே. எம். பேரி என்னும் ஸ்காட்லாந்து ஆசிரியர் 1904-இல் நாடகமாக மேடையேற்றி, 1911-இல் நாவலாக விரித்தெழுதிய 'பீட்டரும் வெண்டியும்' என்ற நூலைப் பால்ய பருவத்தின் ஆனந்த கீதமென்று போற்றுவோர் பலர். ஆயினும் தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்தின் உப்பளக் காற்றில் அமர்ந்து அதனை நிதானமாக வாசித்தபோது, என் நெஞ்சில் ஆனந்தத்தினும் கலக்கமே மேலோங்கி நின்றது.

வளர மறுக்கும் பீட்டர் என்ற சிறுவன் தலைமைவகிக்கும் கற்பனைத் தீவொன்றில் கதை நடக்கிறது. வளரக் கூடாதென்பது அந்தத் தீவின் சட்டம். அங்குள்ள பையன்கள் வளரத் தலைப்பட்டால் பீட்டர் அவர்கள் தொகையைக் குறைத்துவிடுவான் என்று ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வேடிக்கைக்குப் போய்விடுகிறார். குழந்தை அதைக் கவனிப்பதில்லை. பெரியவனோ புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்து விடுகிறான்.

பயங்கரத்தை இவ்வாறு கதைக்குள் ஒளித்துவைக்கும் உத்தியில் ஒரு நயம் உண்டு: உபதேசம் இல்லை. நம் மரபும் பயங்கரத்துக்கு அஞ்சியதன்று. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளுகிறாள், சிறுத்தொண்டர் வீட்டில் அவர் மகன் சீராளன் கறியாகிறான். ஆனால் அங்கே கேட்போர் அனைவரும் கூடியழ இடமுண்டு. சீராளனும் இறுதியில் உயிர்பெற்றுப் பள்ளியிலிருந்து வருபவன்போல ஓடிவந்துவிடுகிறான். பேரியோ குழந்தையின் தலைக்கு மேலாகப் பெரியவர்களைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறார். இதையே நான் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

எனினும் அந்தக் கண்சிமிட்டலுக்கு அடியில் மெய்யான துக்கம் இருந்தது. 1867-இல், பேரி ஆறு வயதுச் சிறுவனாயிருக்கையில், அவருடைய தமையன் டேவிட் பதினான்கு வயது நிரம்புமுன் பனிச்சறுக்கு விபத்தில் மாண்டான். தாயின் ஞாபகத்தில் அவன் என்றென்றும் பாலகனாகவே தங்கிவிட்டான். நூல் வெளிவந்த பின்னரும் துக்கம் அவரைத் தொடர்ந்தது: பேரி வளர்த்த பிள்ளைகளுள் ஒருவனான மைக்கேல் 1921-இல் நீரில் மூழ்கி இறந்தான்.

நாவலில் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது பாறைக் காட்சி. கடல்நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, பாறைமீது தனித்து நிற்கும் பீட்டர் ஒருகணம் நடுங்கி, உடனே மரணத்தையும் ஒரு சாகசமாக எண்ணி முறுவலிக்கிறான். பிறதேசத்து வாசகர் இதனைத் தீரமென்று வியக்கலாம். 1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த இக்கடற்கரையிலோ, கல்லைக் கட்டி ஆழத்துக்கு இறங்கியவனின் பிராணன் தோணியில் கயிறு பிடித்து நின்றவனின் கையில் இருந்தது. அந்தக் கயிற்றின்மீது நம்பிக்கை இருந்ததனால்தான் அவன் இறங்கினான். தாய் வேண்டாம், வீடு வேண்டாம் என்ற பீட்டருக்கு மேலே யாருமில்லை. அவனுடைய அச்சமின்மையை என்னால் வீரமென்று ஏற்க இயலவில்லை. தன்னை இழந்தால் அழுவதற்கு யாருமில்லாத பிள்ளையின் அலட்சியம் அது.

1953-இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த சித்திரப்படம் இந்த இருளைப் பெரும்பாலும் துடைத்துவிட்டது. அந்தத் துடைத்த கதையைவிட இருளோடு கூடிய மூலநூலையே பிள்ளைகளுக்குக் கொடுப்பேன், ஆனால் பையன்களின் தொகை குறையும் இடத்தில் வாசிப்பை நிறுத்தி, "அவர்களெல்லாம் எங்கே போனார்கள்?" என்று கேட்கப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.