மதிப்பெண்ணும் குறிப்புரையும்

இஸ்ரயேல் நாட்டு ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, விடைத்தாள் திருத்துவோர் அனைவரும் சிந்திக்கத்தக்கது. ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவரை அவர் மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண், மற்றொன்றுக்குக் குறிப்புரை, மூன்றாவதற்கு இரண்டும். குறிப்புரை மட்டும் பெற்றோரின் ஆர்வமும் திறனுமே உயர்ந்து நின்றன. இரண்டும் பெற்றோரிடம், மதிப்பெண் முன்னே குறிப்புரை பயனற்றுப் போயிற்று.

இம்முடிவை முழுமையாக ஏற்க நாம் தயங்குகிறோம். சில அமர்வுகளில் முடிந்த சோதனை, ஆண்டு முழுதும் நிகழும் கல்விக்கு ஈடாகாது. ஆயினும் அது சுட்டும் உண்மை ஆழமானது. எண் மாணவனைத் தரம் பிரிக்கிறது. குறிப்புரையோ அவன் அடுத்துச் செய்யவேண்டியதைக் காட்டுகிறது. திபேரியக் கடலருகே உயிர்த்த ஆண்டவர் பேதுருவின் மறுதலிப்பை இடித்துரைக்கவில்லை. அன்பை வினவி, மந்தையை ஒப்படைத்தார். நம் பள்ளிகளின் சிவப்பு மையும் அவ்வாறு பேசக் கற்கட்டும்.