மதிலுக்குள் ஒரு மனை

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற நண்பரொருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். கடல்கடந்து வாழும் பிள்ளைகள் பணம் அனுப்ப ஆயத்தமாக இருக்கின்றனர். கொழும்பின் புறத்தே, பிரதான வீதியிலிருந்து விலகி, சுற்றிவர மதில் எழுப்பி, வாயிலிலே காவலாளரை நிறுத்தி அமைக்கப்பட்ட குடியிருப்பொன்றில் வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கின்றது. வாங்குவதா, விடுவதா? உறுதியின் செம்மை, நீரின் நன்மை, விலையின் நியாயம் ஆகியவற்றை விசாரிப்பதற்கு அவருக்கு வேறு ஆட்கள் உண்டு. "சமத்துவம் எண்டு வாழ்நாள் முழுக்கப் படிப்பிச்ச நான், கடைசிக் காலத்திலை மதிலுக்குள்ளை போய் இருக்கிறது சரியோ?" என்பதே அவர் நம்மிடம் கேட்டது.

'கூடாது' என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. ஆனால் நண்பரின் அச்சம் போலியானதன்று. முதுமை, தனிமை, கள்வர் பயம், நள்ளிரவில் நோய்வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற ஏக்கம் ஆகிய யாவும் உண்மையே. மனிதரின் அச்சத்தை ஏளனஞ் செய்யும் முற்போக்கு, மனிதரை அறியாத முற்போக்காகும். ஆகவே வினாவை ஆற அமர நிறுத்துப் பார்த்தலே முறை. விற்பனை விளம்பரம் வீட்டைக் காட்டும். அவ்வீட்டில் வாழத் தொடங்கிய மனிதன் நாளடைவில் என்ன ஆவான் என்பதைக் காட்டாது. அதனைக் காட்ட வல்லது நாவல். மதிற் குடியிருப்பையே களமாகக் கொண்டெழுந்த நாவல்கள் இரண்டினை, ஐக்கிய அமெரிக்காவிலிருந்து ஒன்றும் ஆர்ஜென்ரீனாவிலிருந்து ஒன்றுமாக, ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் ரி. சி. பொயில் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த டோர்ட்டியா கேர்ட்டின்'. டோர்ட்டியா என்பது மெக்சிக்க மக்களின் அன்றாட ரொட்டி. 'இரும்புத் திரை' என்ற வழக்கின் சாயலில், அமெரிக்காவையும் மெக்சிக்கோவையும் பிரிக்கும் எல்லையைக் குறிக்க எழுந்த தொடரே நாவலின் தலைப்பாயிற்று. நாவல் பிறந்த சூழலை மறந்து அதனை மதிப்பிடல் இயலாது. அது வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1994 நவம்பரில், கலிபோர்ணிய வாக்காளர் 187ஆம் இலக்கப் பிரேரணையை நிறைவேற்றினர். உரிய பத்திரமின்றிக் குடியேறியோருக்கு அரசாங்கப் பாடசாலைகளையும், அவசர சிகிச்சை தவிர்ந்த மருத்துவ வசதிகளையும் மறுப்பது அதன் நோக்கமாயிருந்தது. பின்னர் நீதிமன்றங்கள் அதனைத் தடுத்துவிட்டன என்பது வேறு கதை. தோட்டத்தில் வேலைசெய்யவும் குழந்தையைப் பார்க்கவும் வேண்டப்படும் அதே மனிதர், பாடசாலை வாசலிலும் வைத்தியசாலை வாசலிலும் வேண்டப்படாதவராயினர்.

வேலிக்கு வரலாறு உண்டு. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் முன்னொரு காலம் காணி உறுதிகளிலேயே, கறுப்பினத்தவருக்கு இந்நிலத்தை விற்கலாகாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமுல்நடத்தக் கூடாது என்று 1948இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறுதியில் எழுத முடியாது போனதை விலையும் மதிலும் பின்னர் எழுதின எனலாம். பிளேக்லி, சினைடர் என்னும் ஆய்வாளர் இருவர் 1997இல் வெளியிட்ட நூலிலே, ஏறத்தாழ 80 இலட்சம் அமெரிக்கர் வாயிலடைத்த குடியிருப்புக்களில் வாழ்வதாக மதிப்பிட்டனர். மதில் குற்றத்தை நிலையாகக் குறைத்தது என்பதற்கோ, உள்ளே வாழ்வோரிடை நெருங்கிய அயலுறவை வளர்த்தது என்பதற்கோ வலுவான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பொயிலின் நாவலுக்கு வருவோம். லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அண்மையில், தொப்பாங்கா மலைப் பள்ளத்தாக்கின் மேலே, 'அரோயோ பிளாங்கோ' என்னும் கற்பனைக் குடியிருப்பில் வாழ்கிறான் டிலேனி. இயற்கையைப் பற்றிச் சஞ்சிகையொன்றில் எழுதுபவன், தாராளவாதி, தன்னை நல்லவனென்று உளமார நம்புபவன். அவன் மனைவி கைரா வீடு விற்கும் தரகுத் தொழிலில் முன்னணியில் நிற்பவள். பள்ளத்தாக்கின் அடியில், ஓடைக்கரையில், மறைந்து வாழ்கிறான் மெக்சிக்கக் கூலியாளான கன்டிடோ. கருவுற்றிருக்கும் அவன் இளம் மனைவியின் பெயரோ அமெரிக்கா! கதையின் தொடக்கத்திலேயே டிலேனியின் கார் கன்டிடோவை மோதிவிடுகின்றது. காயமுற்ற மனிதனின் கையில் 20 டொலரை வைத்துவிட்டு டிலேனி போய்விடுகிறான். அந்த 20 டொலரிலேயே நாவலின் அறப் பிரச்சினை முழுவதும் அடங்கிவிடுகின்றது.

இங்கே நம் நண்பர் கூர்ந்து நோக்கவேண்டியது டிலேனியின் வீழ்ச்சி நிகழும் முறையை. அவன் கெட்ட எண்ணத்தோடு அங்கே குடிவந்தவனல்லன். வாயில் அமைக்கும் யோசனை வந்தபோது அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் அவன் உரத்துப் பேசியது வாயிலைப் பற்றியன்று, கயோட்டி என்னும் காட்டு விலங்குக்கு இரையான தன் நாயைப் பற்றியே. வாயில் வந்தது. நாய்க்கெனப் போட்டிருந்த வேலி உயர்த்தப்பட்டது. இரண்டாவது நாயையும் கயோட்டி கொண்டுபோயிற்று. அடுத்துக் குடியிருப்பைச் சுற்றி மதில் எழுப்பும் யோசனை வந்தது. அதனையும் அவன் விரும்பவில்லை. ஆயினும் அதுவும் வந்தது. கூலியாட்கள் வேலைக்காகக் காத்துநிற்கும் இடத்தை மூடுவிப்பதில் அவன் மனைவியே முன்னின்றாள். ஈற்றில், இயற்கையின் அழகை எழுதிய கை துப்பாக்கியை ஏந்தி ஒரு கூலியாளைத் தேடி மலையேறுகின்றது. எந்தவொரு நாளிலும் டிலேனி, 'இன்று முதல் நான் கொடியவன்' என்று முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் சிறிது மௌனம், சிறிது இணக்கம். வீட்டு விலையைப் பணத்தாற் கட்டியவன், மதிலின் விலையைத் தன் மனச்சாட்சியாற் தவணை தவணையாகக் கட்டித் தீர்த்தான்.

மதில் யாரைத் தடுத்தது என்பதையும் ஆசிரியர் குத்தலாகக் காட்டுகிறார். நிதிக் குற்றத்துக்காக வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, கணுக்காலில் மின்கருவி பூட்டப்பட்ட செல்வன் ஒருவன் அக்குடியிருப்பின் உள்ளேயே விருந்து வைத்து வாழ்கிறான். காவலாளி அவனுக்குச் சலாம் போடுகிறான். புதிய மதிலில் கிறுக்கியவர்களைப் பிடிக்க டிலேனி வைத்த கமெரா, குடியிருப்புச் சங்கத் தலைவனின் மகனையே படம்பிடித்துக் கொடுக்கின்றது. அப்படத்தைக் கண்ட பின்னரும் டிலேனி கன்டிடோவைத் தேடியே புறப்படுகிறான்! பயத்துக்கு வேண்டியது குற்றவாளியன்று, அந்நியன் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

எனினும் இந்நாவலின் குறையைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. ஸ்ரைன்பெக் 1939இல் எழுதிய 'கோபத்தின் கனிகள்' நாவலிலிருந்தே பொயில் தம் முகப்பு வாசகத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் ஸ்ரைன்பெக்கின் ஏழைகள் துன்பத்திலே ஒருவரையொருவர் கண்டுகொள்கின்றனர். 'நான்' என்பது 'நாம்' ஆகின்றது. கன்டிடோவோ தனியன். காயம், களவு, வன்முறை, காட்டுத்தீ, வெள்ளம் என்று துன்பத்தின் மேல் துன்பமாக அவன் தலையில் ஆசிரியர் ஏற்றுகிறார். வரலாற்றுச் சக்தியாக வளரவேண்டிய உழைப்பாளி இரக்கத்துக்குரிய பொருளாகக் குறுகிவிடுகிறான். முடிவில் சேற்று வெள்ளத்திலே தன்னை வேட்டையாட வந்தவனுக்கே அவன் கைநீட்டுகிறான். உயர்ந்த காட்சிதான். ஆயினும் வெள்ளம் வந்துதான் இருவரும் கைகோக்க வேண்டுமெனின், அதனை யதார்த்தம் காட்டும் வழியென்பதா, ஆசிரியரின் கையறு நிலையென்பதா?

இரண்டாவது நாவல், ஆர்ஜென்ரீன எழுத்தாளர் குளோடியா பிஞ்ஞெய்ரோ 2005இல் வெளியிட்ட 'வியாழக்கிழமை விதவைகள்'. புவனஸ் அயர்ஸ் நகருக்கு வெளியேயுள்ள மதிற் குடியிருப்பொன்றின் ஆண்கள் வியாழன் இரவுகளில் தமக்குள் கூடுவர். தனித்து விடப்பட்ட மனைவியர் வேடிக்கையாகத் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரே தலைப்பு. 2001 செப்ரெம்பரில் ஓர் இரவு மூன்று ஆண்கள் நீச்சற் குளத்திலே பிணமாகக் கிடக்கின்றனர். கொன்றவன் மதிலேறி வந்தவனல்லன். வேலை இழந்ததை மறைத்து, ஆடம்பரத்தைக் கைவிட மாட்டாது, தற்கொலையை விபத்தாகக் காட்டினால் ஆயுட் காப்புறுதிப் பணமேனும் குடும்பத்துக்குக் கிட்டும் என்று கணக்குப் போட்ட மூளை மதிலுக்கு உள்ளேயே இருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் வங்கிகளிற் போட்ட பணம் முடக்கப்பட்டது. மக்கள் தெருவில் இறங்கினர். ஜனாதிபதி பதவி துறந்தார். காவலாளரால் கள்வனை நிறுத்த முடியலாம். பொருளாதார நெருக்கடியை வாயிலில் நிறுத்திக் கையொப்பம் கேட்க எவராலும் இயலாது.

இந்நாவலிலும் கதையைப் பெரிதும் சொல்பவள் வீடு விற்கும் தரகுப் பெண்ணே. இரு நாவலாசிரியரும் வெவ்வேறு நாட்டிலிருந்து இவ்வாறு ஒத்துச் சிந்தித்தது தற்செயலன்று என்றே கருதுகிறோம். மதிற் குடியிருப்பில் அயலவன் முதலில் பண்டமாகின்றான். யார் பக்கத்தில் இருக்கிறார் என்பது வீட்டின் விலையோடு சேர்த்து விற்கப்படும் சரக்கு. பிஞ்ஞெய்ரோவின் கூர்மை உள்ளிருப்போரின் போலித்தனத்தை உரிப்பதில் இருக்கின்றது. அவ்வீடுகளைத் துடைத்துக் கழுவும் பெண்கள் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றனர். நாவல் விட்ட இடத்தை வாழ்வு நிரப்பிற்று. 2018இல், புவனஸ் அயர்சின் வடக்கேயுள்ள நோர்தெல்தா என்னும் பெருங் குடியிருப்பில் வேலைசெய்யும் பெண்கள், குடியிருப்பாளர் செல்லும் வாகனங்களில் தம்மை ஏற்ற மறுக்கின்றனர் என்று வீதியை மறித்துப் போராடினர். பொயிலும் பிஞ்ஞெய்ரோவும் எழுதாத அத்தியாயம் அது.

அயல்நாட்டு மதிலைப் பழிக்கும் நாம் நம் வேலியை மறந்துவிடலாகாது. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலி, வேர்வை சிந்திய மனிதனைக் கிணற்றடிக்கு விடாது தடுத்த வேலியுமாகும். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே நிகழ்ந்ததை நம் வாசகர் அறிவர். வாயிலடைத்து வாழும் வித்தையை நாம் கலிபோர்ணியாவிலிருந்து கற்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் அதே வேலியில் 'பொட்டு' என்று ஒன்று உண்டு. இரு வளவுக்கும் இடையே குனிந்து செல்லும் சிறு வழி. நெருப்புக்கும், ஒரு சுண்டு அரிசிக்கும், பிள்ளைப்பேற்று வேளையில் உதவிக்கும் பெண்கள் போய்வந்த வழி அது. வழிப்போக்கன் இளைப்பாறத் திண்ணையும், தாகந்தீரத் தண்ணீரும் வைத்த சங்கடப்படலையும் நம்மிடம் இருந்தது. அதுவும் ஒரு வாயில்தான். வருபவனை விசாரிக்க அல்ல, இருத்திவைக்க எழுந்த வாயில்.

1983 யூலையில் கொழும்பிலே வீடிழந்தவர்களுக்கு அச்சம் என்றால் என்னவென்று நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அந்நாட்களிற் பலரைக் காத்தது மதிலின் உயரமன்று. பின்வளவால் அழைத்துச் சென்று தம் வீட்டு அறையில் ஒளித்துவைத்த சிங்கள அயலவரே. எல்லாருக்கும் அத்தகைய அயலவர் வாய்க்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் அக்கொடிய பாடம் நமக்குச் சொல்வது, அயலை அறுத்துக்கொள் என்றா, அயலைத் தேடிக்கொள் என்றா?

நண்பருக்கு நம் விடை இதுதான். வாங்க வேண்டாம். நீங்கள் அங்கே சென்ற மறுநாளே தீயவராகிவிடுவீர் என்று நாம் கூறவில்லை. டிலேனியும் ஆகவில்லை. ஆனால் உங்களிடம் படித்த தொழிலாளியின் மகன் ஒரு மாலைப் பொழுதில் சந்தேகம் கேட்கச் சைக்கிளில் வரும்போது, வாயிலில் அவனை நிறுத்திப் பெயர் எழுதுவர். உள்ளே அனுப்பலாமா என்று உங்களைக் கேட்பர். இருமுறை வருவான், மூன்றாம் முறை வரமாட்டான். முப்பது ஆண்டு உழைத்து நீங்கள் தேடிய செல்வம் அவன் வருகையே. அதனை இழந்து பெறும் பாதுகாப்பு யாருக்கு?

இம்மறுப்பினால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது என்பதையும் அறிவோம். ஒழுங்கைக்கு விளக்கும், நம்பத்தக்க குடிநீரும், இரவில் ஓடும் பஸ்வண்டியும், கூப்பிட்டால் வரும் அம்புலன்ஸ் வண்டியும் எல்லாருக்கும் கிடைக்காத வரையில், வசதியுள்ளவன் மதிலைத் தேடியே போவான். பொதுவில் கிடைக்கவேண்டியதைத் தனியே விலைக்கு வாங்குவதே மதிற் குடியிருப்பு. அதனை எதிர்ப்பது என்பது, அவ்விளக்குக்காகவும் அந்த நீருக்காகவும் அயலவரோடு சேர்ந்து குரல் கொடுப்பதாகும். அதற்கு முதலில் அயல் ஒன்று வேண்டும். வேலி இருக்கட்டும்; அதில் ஒரு பொட்டும் இருக்கட்டும். மதிலிலே பொட்டு வைப்பதில்லை.